பகடை சொன்னதைக் கேட்காத தளபதிகள்

பகடை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவன் சகுனி. உருட்டியவன் விருப்பப்படியே விழுந்த அந்தக் காய்கள் ஒரு குலத்தின் அழிவுக்குக் காரணமாயின. அதனால்தானோ என்னவோ, பகடை உருட்டுவதைச் சூதோடு சேர்த்தே பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், யாருடைய விருப்பத்துக்கும் வளையாத நேர்மையான பகடையைத் தளபதிகளுக்கு ஆசானாக வைத்த ஒரு விளையாட்டு, ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அரசர்களின் அறையில் தொடங்கி, ராணுவப் பயிற்சிக்கூடங்களில் வளர்ந்து, இன்று வார இறுதிப் பொழுதுபோக்காக மாறியிருக்கும் மேசைப் போர் விளையாட்டுதான் அது.

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ நடக்கும் அத்தகைய போட்டி ஒன்றின் அரங்குக்குள் நுழைபவருக்கு முதலில் கண்ணில் படுவது வரிசை வரிசையான மேசைகள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிறு உலகம் விரிந்திருக்கும். இடிந்த தேவாலயம், குன்று, தோப்பு, பாலம். அவற்றின் இடையே விரல் உயரமே உள்ள நூற்றுக்கணக்கான வீரர்கள். மேசையின் இருபுறமும் இருவர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தன் படையை நகர்த்துவார், தூரத்தை அளப்பார், ஒரு கைப்பிடிப் பகடைகளை உருட்டுவார். விழுந்த எண்களை இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிறகு, தன் வீரர்களில் விழுந்தவர்களை எதிராளி தன் கையாலேயே எடுத்து மேசைக்கு வெளியே வைப்பார். வளர்ந்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்களே என்று சிரிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிச் செயலைத்தான். தனக்குப் பாதகமான முடிவைத் தானே நிறைவேற்றுவது இவ்விளையாட்டின் அடிப்படை ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை மீறியவர்களின் கதை ராணுவ வரலாற்றில் இருக்கிறது. அதற்கு வருமுன், மேசையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோரில் பலர் ஆடுவதைவிட அதிக நேரத்தைச் செலவிடுவது நிலத்தை உருவாக்குவதில்தான். தெர்மாகோலின் உறவினரான, அதைவிட இறுக்கமான நுரைப்பலகைதான் குன்றுக்கு மூலப்பொருள். சூடேற்றிய கம்பியால் அதை அடுக்கடுக்காக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். பாறைச் சரிவு வேண்டுமென்றால் கத்தியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிய்த்தெடுப்பார்கள். இயற்கை நேர்க்கோட்டில் உடைவதில்லை அல்லவா? மேலே பசை தடவி மணலைத் தூவி, காய்ந்தபின் கரிய வண்ணம் பூசுவார்கள். பிறகு, வண்ணம் ஏறக்குறைய முழுவதும் துடைக்கப்பட்ட உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக வருடுவார்கள். மேடான விளிம்புகள் மட்டும் வெளிர்நிறம் ஏற்கும். பள்ளங்கள் கருமையாகவே நிற்கும். ஐந்து நிமிட வேலையில் நுரைப்பலகை கல்லாகிவிடும். தோட்டத்தில் பொறுக்கிய வேர்த்துண்டு பட்டமரமாகும். நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்துப் பூங்கா அமைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

நிலம் அழகுக்காக மட்டும் இருப்பதன்று. வெறும் மேசையில் இரு படைகளை நிறுத்தினால், நீண்ட தூரம் சுடக்கூடிய படையே வெல்லும். ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிடும். ஒரு சுவரும் ஒரு தோப்பும் நடுவில் வந்தவுடன் வலியவன் சுற்றிவர வேண்டியிருக்கிறது. எளியவனுக்கு மறைவிடம் கிடைக்கிறது. ஒரு வீரனால் எதிரியைச் சுட முடியுமா என்ற கேள்வி எழுந்தால், ஆடுபவர் குனிந்து, மேசையின் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அந்தப் பொம்மையின் தலைக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்த தளபதிக்கு, கீழே நிற்கும் வீரனுக்குச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்பது அப்போது புலப்படும்.

எல்லாம் துல்லியம் என்றும் சொல்லிவிட முடியாது. இன்று பரவலாக இருக்கும் பொம்மைகளின் அளவு ஏறத்தாழ 28 மில்லிமீட்டர்; அதாவது உண்மை மனிதனில் அறுபதில் ஒரு பங்கு. மேசையில் ஒரு துப்பாக்கி 24 அங்குலம் சுடும் என்று விதி இருந்தால், அந்த அளவுவீதத்தில் அது 40 மீட்டரைக்கூடத் தொடாது. உண்மையான துப்பாக்கியின் வீச்சைக் காட்ட வேண்டுமானால் மேசை ஒரு பேருந்தின் நீளத்துக்கு இருக்க வேண்டும். ஆடுபவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நாடக மேடையில் நான்கு பேர் நடந்தால் படை நகர்கிறது என்று நாம் ஏற்றுக்கொள்வதைப் போல அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இவ்விளையாட்டின் வேர் நம் மண்ணில் பிறந்த சதுரங்கத்தில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரே அந்த ஆட்டத்தின் பெயர். ஆனால், சதுரங்கத்தில் நிலம் கிடையாது. மேடும் பள்ளமும் ஆறும் இல்லாத அறுபத்து நான்கு கட்டங்கள். தற்செயலுக்கும் அங்கே இடமில்லை. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் கணிதம் கற்பித்துவந்த ஹெல்விக் என்பவர் இந்தக் குறையைப் போக்க முயன்று, 1780இல் ஒரு புதிய ஆட்டத்தை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம். ஆனாலும் படைகள் கட்டம் கட்டமாகவே நகர்ந்தன.

கட்டத்தை உடைத்தெறிந்தவர் பிரஷ்ய நாட்டு அதிகாரியான ரைஸ்விட்ஸ் பிரபு. பிரெஸ்லாவில் மணலைப் பரப்பி அதன்மேல் போரை ஆடிக்காட்டியவர் அவர். இச்செய்தி அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமின் காதுக்கு எட்டியது. அரசருக்கு முன் மணலைக் கொட்டிவைப்பது எப்படி என்று கூச்சப்பட்ட ரைஸ்விட்ஸ், சுண்ணச்சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டிய ஓடுகளைச் செய்தார். ஆறும் சாலையும் கிராமமும் கொண்ட அவ்வோடுகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கிப் புதுப்புது நிலங்களை உருவாக்கலாம். 1812இல் இழுப்பறைகள் கொண்ட பெரிய மேசையாக அது அரண்மனைக்குப் போனது. இன்றைய பொழுதுபோக்காளர்கள் நுரைப்பலகையில் செய்வதை, நெப்போலியன் ரஷ்யாவுக்குள் படையெடுத்த ஆண்டில் ஒருவர் செய்துமுடித்திருந்தார்.

தந்தையின் மேசை அரச குடும்பத்தின் பொழுதுபோக்காகவே நின்றுவிட்டது. அதைக் கல்வியாக மாற்றியவர் பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த அவருடைய மகன். சுண்ணச்சாந்து நிலத்தை விடுத்து, 1:8000 அளவில் வரையப்பட்ட உண்மையான வரைபடத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு தரப்புக்குச் சிவப்பு, மறு தரப்புக்கு நீலம் எனச் சிறு ஈயக்கட்டைகள். ஒவ்வொரு சுற்றும் போர்க்களத்தின் இரண்டு நிமிடங்களுக்குச் சமம். இழப்புகளைத் தீர்மானிக்கப் பகடை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர். இரு தரப்பும் தத்தம் ஆணைகளை நடுவரிடமே எழுதிக் கொடுக்க வேண்டும். எதிரியின் கட்டைகளில் எவை உண்மையில் கண்ணுக்குத் தெரிந்திருக்குமோ அவற்றை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். குன்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தளபதிக்குத் தெரியாது.

1824இல் தலைமைப் படை அதிகாரியான முஃப்லிங் முன்னிலையில் இது ஆடிக்காட்டப்பட்டது. முதலில் வேண்டாவெறுப்பாக அமர்ந்த அந்த முதியவர், ஆட்டம் நகர நகர நிமிர்ந்து உட்கார்ந்தார். இது விளையாட்டே அன்று, போர்ப் பயிற்சி என்று வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். மகன் ரைஸ்விட்ஸின் முடிவு மகிழ்ச்சியானதாக இல்லை. தலைநகரிலிருந்து தோர்காவ் நகரத்துக்கு மாற்றப்பட்டதைத் தண்டனையாகக் கருதி மனமுடைந்த அவர், 1827இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அவருடைய விளையாட்டு மட்டும் வளர்ந்தது. பிரஷ்யப் படை பிரான்சை வென்ற பிறகு மற்ற நாடுகளும் அதைப் படிக்கத் தொடங்கின. இன்றைக்கும் ராணுவப் பயிற்சிகளில் எதிரித் தரப்பைச் 'சிவப்பு அணி' என்றழைப்பது உலகெங்கும் வழக்கில் இருக்கிறது.

ராணுவத்தின் கையிலிருந்த இந்த ஆட்டத்தை வீட்டின் தரைக்குக் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கு எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுக்குரியது. 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூல், விளையாட்டு விதிகளைச் சொல்லும் நூல்களில் இலக்கியச் சுவை கொண்ட அரிய ஒன்று. நண்பர் ஒருவருடன் உணவருந்திய பின், சிறுவர்களின் பொம்மைகள் சிதறிக்கிடந்த அறையில், சுருள்வில்லால் மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியை ஒருவர் எடுத்துச் சுட்டதில் ஆட்டம் பிறந்ததாம். கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகள்தாம் முதல் மலைகள். பிறகு மரப்பலகைகள், விளையாட்டுச் செங்கல் வீடுகள், துளையில் செருகிய செடிக்கிளைகள் என நிலம் வளர்ந்தது. காலாள் ஓரடி, குதிரை ஈரடி என நகர்வுக்குக் கணக்கு. பகடைக்கு மாற்றாகப் பொம்மைப் பீரங்கியின் குறியே பீரங்கித் தாக்குதலின் முடிவைச் சொன்னது.

அந்நூலின் கடைசிப் பகுதியில் வெல்ஸ் வெளிப்படையாகவே பேசுகிறார். போர்வெறி கொண்ட அரசர்களையும் தேசபக்தி வணிகர்களையும் ஒரு பெரிய அறையில் அடைத்து, பொம்மை மரங்களையும் பொம்மை வீடுகளையும் கொடுத்து, ஆசைதீர ஆடவிட்டுவிடலாம் என்கிறார். இந்தச் சிறு போரைச் சில முறை ஆடியவர்கள் எவராயினும், பெரும் போர் எத்தகைய தடுமாற்றமான காரியம் என்பதை உணர்ந்துகொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. போருக்கு எதிராக எழுதிய அதே வெல்ஸ், 1914இல் இப்போர் எல்லாப் போர்களுக்கும் முடிவுகட்டும் போர் என்று அதை ஆதரித்து எழுதினார். தம் விளையாட்டின் பாடத்தை அவரே முழுவதுமாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது.

இன்றைய வணிக வடிவத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் பணியாற்றி, பின்னர் கால்பந்து அணி ஒன்றின் இயன்முறை மருத்துவராக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் வெளியிட்ட நூல், பிரிட்டனில் ஒரு தலைமுறையை இதற்குள் இழுத்தது. அமெரிக்காவில் இடைக்காலப் போர்களுக்கென 1971இல் வெளியான 'செயின்மெயில்' விதிநூல், மூன்றே ஆண்டுகளில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆக உருமாறி, இன்றைய கணினி விளையாட்டுகள் பலவற்றுக்கு மூதாதையானது. 1975இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' நிறுவனம், 1983இல் 'வார்ஹாமர்' என்ற கற்பனை உலகப் போரையும் 1987இல் அதன் எதிர்கால வடிவத்தையும் வெளியிட்டது. நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களைக் கொண்ட குறியீட்டில் இடம்பெற்றது. பிளாஸ்டிக் பொம்மை விற்று வங்கிகளோடும் எண்ணெய் நிறுவனங்களோடும் ஒரே பட்டியலில் அமர்ந்துவிட்டது. ஒரு முழுப் படையைத் திரட்டச் சில நூறு பவுண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது எளியவர்களின் விளையாட்டாக இல்லை என்ற குறை நியாயமானதே.

போட்டிகளுக்கு வருவோம். ஒவ்வொரு வீரனுக்கும் வண்டிக்கும் அதன் ஆற்றலுக்கேற்ப ஒரு புள்ளி மதிப்பு உண்டு. பெரும்பாலான போட்டிகளில் இருவரும் 2000 புள்ளிகளுக்குள் படையைத் திரட்ட வேண்டும். வார இறுதியில் ஐந்து ஆட்டங்கள் வரை நடக்கும். சதுரங்கப் போட்டிகளைக் கவனிப்பவர்களுக்குப் பழக்கமான சுவிஸ் முறைப்படி, வென்றவரோடு வென்றவரும் தோற்றவரோடு தோற்றவரும் மோதுவர். எதிரியை எத்தனை பேர் கொன்றார்கள் என்பதைவிட, குறித்த இடங்களைக் கைப்பற்றி வைத்திருப்பதற்கே பெரும்பாலும் புள்ளி. 'வார்ஹாமர் 40,000' போட்டிகளில் நூறு புள்ளிகளில் பத்து, படை முழுவதற்கும் வண்ணம் தீட்டியிருந்தாலே கிடைத்துவிடும். சாம்பல்நிறப் பிளாஸ்டிக்கோடு வந்தவர் பத்துப் புள்ளி பின்தங்கித்தான் தொடங்குவார். பல போட்டிகளில், மிகச் சிறந்த பண்போடு ஆடியவர் என்று எதிராளிகளே தேர்ந்தெடுப்பவருக்குத் தனிப் பரிசும் உண்டு.

வெற்றி எதில் இருக்கிறது? புதியவர்கள் பகடையில் என்பார்கள். ஒரு சிறு கணக்கு அதைத் தெளிவாக்கும். ஒரு குழு பத்துக் குண்டுகள் சுடுகிறது. குறியில் பட 3 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பட்டது காயப்படுத்த 4 அல்லது அதற்கு மேல். எதிரியின் கவசம் 5 அல்லது 6 விழுந்தால் காப்பாற்றும். மூன்று சல்லடைகளிலும் சலித்தால் சராசரியாக இரண்டு பேருக்குச் சற்று அதிகமாக விழுவார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் இந்தச் சராசரியை மனத்திலேயே போட்டுவிடுவார். ஆனால், அவரைத் தேர்ந்தவராக்குவது அடுத்த கணக்கு. இதே பத்துக் குண்டுகளில், நூற்றில் எட்டு முறை ஒருவர்கூட விழமாட்டார். நூற்றில் ஐந்து முறை ஐவரோ அதற்கு மேலோ விழுவார்கள். இரண்டு பேர் விழுவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் மட்டும் திட்டத்தைக் கட்டியவர், அந்த எட்டு முறைகளில் ஒன்று வந்தால் நிலைகுலைவார். ஒருவரும் விழாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும்படி நின்றவர் ஆட்டத்தில் நீடிப்பார். பகடையைச் சபிப்பவர்கள் எல்லா அரங்கிலும் உண்டு. ஆனால், தொடர்ந்து மேலிடத்துக்கு வரும் பெயர்கள் சிலவே என்பது, நல்லூழ் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பதைக் காட்டுகிறது.

பகடை மேசைப்பொருளின் மேல் சாய்ந்து நின்றால் என்ன செய்வது, கீழே விழுந்தால் செல்லுமா என்பதையெல்லாம் ஆட்டம் தொடங்குமுன்பே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்வது வழக்கம். விழுந்தபின் பேசினால் அது பேச்சாக இருக்காது, வழக்காகிவிடும்.

இனி, பகடை சொன்னதைக் கேட்காதவர்களின் கதை.

1942 மே மாதத் தொடக்கம். ஜப்பானியப் பேரரசின் மாபெரும் போர்க்கப்பலான 'யமாட்டோ'வில் மிட்வே தீவைக் கைப்பற்றும் திட்டம் மேசையில் ஆடிப்பார்க்கப்பட்டது. தலைமை நடுவர், கூட்டுக் கடற்படையின் தலைமைப் படை அதிகாரி உகாகி. ஆட்டத்தின் நடுவே, தீவிலிருந்து பறந்துவந்த அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கின. விதிப்படி பகடை உருட்டப்பட்டது. ஒன்பது குண்டுகள் கப்பல்களில் பட்டன, 'அகாகி', 'காகா' ஆகிய இரு கப்பல்களும் மூழ்கின என்று தீர்ப்பு. உகாகி குறுக்கிட்டார். ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். 'அகாகி'க்குச் சிறு சேதம், 'காகா' மட்டும் மூழ்கியது என்றானது. அடுத்த கட்டப் படையெடுப்பை ஆடியபோது மூழ்கிய 'காகா'வும் மீண்டும் கடலில் மிதந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி, கடற்படை விமானிகளான ஃபுச்சிடாவும் ஒகுமியாவும் போருக்குப்பின் எழுதிய நூலில் பதிவுசெய்திருக்கும் செய்தி இது. பகடை உருட்டிய ஒகுமியாவே அந்நூலின் ஆசிரியர்களில் ஒருவர்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று, மிட்வே அருகே 'அகாகி', 'காகா', 'சோர்யு', 'ஹிர்யு' என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் தாக்கப்பட்டு அழிந்தன. மூழ்கியவற்றை மிதக்கவிட அங்கே நடுவர் எவருமில்லை.

இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். பகடையின் ஒரு வீச்சு ஜோதிடம் ஆகாது. உகாகி எண்ணைக் குறைத்ததற்கு ஒரு நியாயம்கூட இருந்திருக்கலாம். மிக உயரத்திலிருந்து குண்டு வீசும் விமானங்களால் நகரும் கப்பலை ஒன்பது முறை தாக்குவது அரிது என்பது பிற்காலத்தில் உறுதியானது. மிட்வேயில் அக்கப்பல்களை அழித்ததும் தீவிலிருந்து வந்த விமானங்கள் அல்ல. அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்தவை. அப்படியானால் தவறு எங்கே? விழுந்த எண் எழுப்பிய கேள்வியைத் துடைத்துப் போட்டதில்தான். நம் கப்பல்கள் தீவைத் தாக்கிக்கொண்டிருக்கும் வேளையில் எதிரி நம்மைத் தாக்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அம்மேசையில் ஒரு முறை எழுந்தது. எண்ணைத் திருத்தியவுடன் கேள்வியும் மறைந்துபோனது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இதே காட்சி அமெரிக்காவில் அரங்கேறியது. 2002இல் ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவில் 'மில்லினியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் போர்ப் பயிற்சியை அமெரிக்க ராணுவம் நடத்தியது. கணினியும் களப்பயிற்சியும் சேர்ந்த அப்பயிற்சியில், வளைகுடாப் பகுதியிலுள்ள ஒரு கற்பனை நாட்டின் சிவப்பு அணிக்கு ஓய்வுபெற்ற மரைன் படைத் தளபதி பால் வான் ரைப்பர் தலைமை தாங்கினார். தகவல்தொடர்பை எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் மோட்டார் சைக்கிள் தூதர்களை அவர் பயன்படுத்தினார். பிறகு, ஏவுகணைகளை ஒரே நேரத்தில் பொழிந்தும் சிறு படகுகளை ஏவியும் திடீர்த் தாக்குதல் தொடுத்தார். ஒரு விமானந்தாங்கி உட்படப் பதினாறு கப்பல்கள் மூழ்கியதாகக் கணக்கு. பயிற்சி நிறுத்தப்பட்டது, கப்பல்கள் மீண்டும் மிதக்கவிடப்பட்டன, ஆட்டம் தொடர்ந்தது. தம் அணியின் கைகள் கட்டப்பட்டுவிட்டன என்று சொல்லி வான் ரைப்பர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பல்லாயிரம் பேர் திரண்ட பயிற்சியை முதல் நாட்களிலேயே முடித்துக்கொள்ள முடியாது என்ற நிர்வாகத்தின் வாதத்தில் பொருளில்லாமல் இல்லை. ஆனால், மீண்டும் தொடங்கும்போது வான் ரைப்பர் மறுபடியும் அதே வழியில் வெல்வதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். அந்த இடம் விடப்படவில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

மேசையைப் பற்றி மறுபக்கமும் உண்டு. எத்தனை கவனமாகக் கட்டினாலும் அந்த நிலத்தில் சில விஷயங்கள் இல்லை. இடிந்த வீடு இருக்கும், அதில் குடியிருந்தவர்கள் இருக்கமாட்டார்கள். விழுந்த வீரன் அடுத்த வாரம் எழுந்து நிற்பான். பசி, அகதி, ஊனம், விதவை எதற்கும் புள்ளி மதிப்பு கிடையாது. போரைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் இதை வெறும் விளையாட்டாகப் பார்க்க மறுத்தால், அந்த மறுப்பை மதிக்கத்தான் வேண்டும். 'போரை அழகாக்கிவிடுகிறது' என்ற குற்றச்சாட்டுக்கு, ஆடுபவர்கள் தங்கள் மேசையின் எல்லையை அறிந்திருப்பதே நேர்மையான பதில். தளபதிகளுக்கும் அமைச்சர்களுக்கும் அந்த எல்லை மறந்துபோகும்போதுதான் ஆபத்து. போரை உண்மையில் தொடங்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

பகடையையும் நடுவரையும் மதித்த ஓர் அறையும் அதே 1942இல் இருந்தது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களைக் கணக்கின்றி மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வுபெற நேர்ந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி மீண்டும் அழைக்கப்பட்டு, லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்தளத்தில் ஓர் ஆட்டக்களத்தை அமைத்தார். அவருக்குக் கிடைத்த பணியாளர்களில் பெரும்பாலோர் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். இருபது வயதைத் தாண்டாதவர்களும் அவர்களில் இருந்தனர்.

மேசைக்குப் பதில் தரை. கட்டங்கள் வரைந்த தரைவிரிப்பின் மேல் சிறு மரக் கப்பல்கள். ஒவ்வொரு கப்பலின் பாதையும் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டது. காவல்கப்பல்களின் தளபதிகளாக ஆடுபவர்கள் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். திரையிலுள்ள சிறு துவாரம் வழியே, உண்மைக் கடலில் அவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும். நீர்மூழ்கியின் பாதை அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத நிறத்தில் தரையில் வரையப்பட்டது. ரைஸ்விட்ஸின் நடுவர் செய்ததை இங்கே ஒரு திரையும் ஒரு சுண்ணக்கட்டியும் செய்தன.

பழைய தாக்குதல்களின் அறிக்கைகளை எடுத்து அத்தரையில் மீண்டும் மீண்டும் ஆடிப்பார்த்தபோது ஒரு முரண் தெரிந்தது. நீர்மூழ்கிகள் தொலைவில் நின்று டார்பிடோ ஏவுகின்றன என்பதே கடற்படையின் நம்பிக்கை. ஆனால், கப்பல்கள் மூழ்கிய வரிசையையும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. நீர்மூழ்கி கப்பல் தொடரணியின் உள்ளேயே இருந்திருந்தால் மட்டுமே அது ஒத்துவந்தது. இரவில் நீரின் மேற்பரப்பிலேயே மிதந்து, பின்புறமாக வரிசைகளுக்குள் நுழைந்து, பக்கத்திலிருந்து சுட்டுவிட்டு ஆழத்தில் மறைந்தன அவை. தொலைவில் தேடி ஓடிய காவல்கப்பல்கள் திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தெருவில் தேடியிருக்கின்றன. இதற்கு மாற்றாக, காவல்கப்பல்கள் பின்வாங்கித் தொடரணியின் பின்புறத்தைச் சலித்துத் தேடும் ஓர் உத்தி அத்தரையிலேயே வகுக்கப்பட்டது. அதற்கு 'ராஸ்பெரி' என்று பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். வாயால் எழுப்பும் கேலி ஒலிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. ஹிட்லருக்கான கேலி என்பது குறிப்பு. போர் முடியும்வரை ஏறத்தாழ ஐயாயிரம் அதிகாரிகள் அத்தரையில் பயின்றனர்.

1942 நவம்பரில் அட்லாண்டிக் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றவர் அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன். முதல் உலகப்போரில் நீர்மூழ்கித் தளபதியாகப் புகழ்பெற்றவர். எளிதில் எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என்று பெயரெடுத்தவர். அவரும் ஆடிப்பார்க்க வந்தார். தமக்குத் தெரிந்த வேலையான நீர்மூழ்கியின் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டார். எதிரே காவல்கப்பல்களை நடத்தியவர் யாரென்று திரை காரணமாகத் தெரியாது. ஐந்து முறை ஆடி, ஐந்து முறையும் அவருடைய நீர்மூழ்கி அகப்பட்டு மூழ்கியது என்று சொல்லப்படுகிறது. எதிர்த்து ஆடியது யார் என்று அவர் கேட்டபோது, திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தவர் ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண். மூழ்கிய நீர்மூழ்கியை மிதக்கவிடும்படி ஹார்ட்டன் யாரையும் கேட்கவில்லை.